தாணு சார் மாடல்

ஜனவரி 8, திங்கள்

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகியும் கல்லூரி நூலகத்தில் வாடை போகவில்லை. கீழ்த்தட்டில் இருந்த தீர்ப்புத் தொகுப்புகள் முன்னூற்றுச் சொச்சம் நனைந்துவிட்டன. அவற்றை மொட்டைமாடியில் பரப்பிக் காயவைக்கும் பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பன்னாட்டுச் சட்டம் நடத்துகிறவனுக்குக் கிடைத்த வேலை இது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் விட்டுப்போவது இவர்கள் கண்ணில் படாது. நான் சும்மா நிற்பது மட்டும் பட்டுவிடும்.

மாடியில் புத்தகங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது செல்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹாலந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகை அலுவலகம் அனுப்பியது. மரியாதையான ஆங்கிலம். விஷயம் மரியாதையானதல்ல. முதுநிலைப் படிப்புக்கு எங்கள் பொருநை சட்டக் கல்லூரியிலிருந்து இருவர் விண்ணப்பித்திருக்கிறார்கள்: பேச்சியம்மாள், நிதின். இருவருக்கும் பரிந்துரைக் கடிதம் நான் கொடுத்தது. பெயர் நீங்கலாக இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. 'இவற்றில் நீங்கள் எழுதியது எது, எந்தச் சூழ்நிலையில் என்று பதினெட்டாம் தேதி மாலைக்குள் விளக்குங்கள். விளக்கம் வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் ஒதுக்கி வைக்கப்படும்.'

இரண்டையும் நான் எழுதவில்லை. இங்கே எந்தப் பேராசிரியரும் எழுதுவதில்லை. மாணவனே தன்னைப் பற்றி எழுதிக் கொண்டுவருவான், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இப்போது கையெழுத்துக்குப் பதில் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறோம். இப்படி நூற்றுக்கும் மேல் ஏற்றியிருப்பேன். ஒன்றையும் படித்ததில்லை.

மனைவி பகவதியிடம் சொல்லவில்லை. இரவு உப்புமா.

ஜனவரி 9, செவ்வாய்

பதில் எழுதவில்லை. எண்பத்து மூன்று தொகுப்புகள் திருப்பிப் போட்டேன்.

ஜனவரி 10, புதன்

பேச்சியம்மாள் மாடிக்கே வந்துவிட்டாள். இறுதியாண்டு மாணவி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர். அப்பா நீதிமன்றத்தில் அமீனா, சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மூன்றாம் ஆண்டில் ஒரு கடல் எல்லை ஒப்பந்தத்தின் ஆண்டை நான் மாற்றிச் சொன்னபோது வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திருத்தியவள். எனக்கு மறக்காது.

"சார், என் அப்ளிகேஷன்ல ஒரு ரெஃபரன்ஸ் 'வந்துவிட்டது'ன்னு காட்டுது. உங்களோடது 'பரிசீலனையில்'னு காட்டுது. நாலு நாளா அப்படியே நிக்கி."

"அவங்க சைட்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"மெயில் ஏதும் வந்துச்சா சார்?"

"வரல."

அவள் போகாமல் நின்றாள். பிறகு குனிந்து, ஈரம் ஒட்டிக்கொண்ட ஒரு தொகுப்பின் பக்கங்களை விரலால் பிரித்துவிட்டாள். "இடையில பேப்பர் வச்சா ஒட்டாது சார். எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி. என் புஸ்தகத்தையெல்லாம் இப்படித்தான் காயப்போட்டோம்."

"எனக்குத் தெரியும்மா."

எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு பழைய செய்தித்தாள் வாங்கிவரச் சொன்னேன்.

மாலையில்தான் அந்தக் கடிதங்களைத் திறந்து முதன்முறையாகப் படித்தேன். இரண்டாவது பத்தியின் முதல் வரியில் நின்றுவிட்டேன். தமிழில் சொன்னால் இப்படி: 'என் இருபதாண்டுக் கற்பித்தலில், என் கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல் என் கேள்வியையே திருத்திய மாணவர் இவர் ஒருவரே.'

இது என் வரி. 1997இல், இருபத்துநான்கு வயதில், என்னைப் பற்றி நானே எழுதியது.

ஜனவரி 11, வியாழன்

1997இல் நடந்தது எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன், எரிச்சல் தீரவில்லை.

ஹாலந்தில் பன்னாட்டுச் சட்டம் படிக்க உதவித்தொகை. எங்கள் வகுப்பிலிருந்து நானும் வன்னியநாதனும் விண்ணப்பித்தோம். பேராசிரியர் சபாபதி, "நீயே எழுதிக் கொண்டாப்பா" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அதை அப்படியே திருடித் தன் பெயரைப் போட்டுக்கொண்டான் வன்னியநாதன். போனது அவன். நான் இங்கே. போய் என்ன கிழித்தான்? திரும்பி வந்து பாளையங்கோட்டையில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிறான். லாரி மோதிய ஆட்டோவுக்கு எந்தப் பன்னாட்டு உடன்படிக்கை பொருந்தும் என்று கேட்கத் தோன்றும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நிதின் அவன் மகன்.

இன்று நிதினைத் துறைக்கு வரச்சொன்னேன். நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம், தகப்பனுக்கு உள்ள அதே அகன்ற நெற்றி.

"இந்த லெட்டர எங்கிருந்து எடுத்த?"

"அப்பாவோட பழைய ஃபைல்ல இருந்துச்சு சார். எதாவது பிரச்சினையா சார்?"

"உங்கப்பாகிட்ட கேட்டு எடுத்தியா?"

"கேட்டேன் சார். சிரிச்சாரு. 'எடுத்துக்கோ, அதவிட நல்லா ஒருத்தனும் எழுத முடியாது'ன்னாரு."

சிரித்தானாம்.

பிறகு பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். செல்பேசியை நீட்டினாள். சீனியர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு. பெயர்: 'தாணு சார் மாடல்'.

"எல்லாரும் இதத்தான் சார் யூஸ் பண்ணுவாங்க. 2006 பேட்ச்ல ஒரு அண்ணனுக்கு நீங்களே மாடலா குடுத்தீங்களாம். இது வச்சு லண்டன், சிங்கப்பூர், ஜெனீவான்னு பதினோரு பேரு போயிருக்காங்க சார்."

"நீயே எழுதிருக்கலாமே. அவ்வளவு பேசுற."

அவள் முகம் கறுத்தது. "ரெண்டு தடவ எழுதுனேன் சார். என்னையே நான் எப்படி சார் 'இவர் சிறந்தவர்'னு எழுத? கூசுச்சு. கிழிச்சிட்டேன்."

2006இல் யாருக்கோ கொடுத்தது நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் வற்புறுத்தியதால் கொடுத்தேன். ஆக, இவர்களில் யாரும் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை. இரண்டு வாய்க்கால், ஒரே மடை. பதினோரு பேர் போயிருக்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்லூரி முழுக்கப் பரவும்.

ஜனவரி 12, வெள்ளி

கடிதம் எழுதினேன். 'பேச்சியம்மாளுக்கானது நான் எழுதியது. மற்றது எப்படி வந்தது என்று அறியேன். நிதின் என்ற மாணவர் என் வாசகத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்க வாய்ப்புண்டு. என் பெயரில் அதை ஏற்றிய துறை ஊழியரை விசாரித்துவருகிறேன்.'

நான்கே வரி. ஒரு பெண்ணின் வாழ்க்கை காப்பாற்றப்படும். இருபத்தாறு ஆண்டுக் கணக்கும் நேராகும். அதில் பொய் எவ்வளவு என்று பார்த்தால் அரை வரிகூட இல்லை. வரைவில் சேமித்து வைத்தேன். அனுப்பவில்லை. ஆங்கிலத்தை இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும்.

சாப்பிடும்போது பகவதி கேட்டாள், "என்ன, ஒரு வாரமா போன எடுத்து எடுத்துப் பாக்கீங்க? யாரு?"

சொன்னேன். அஞ்சலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து ஊர்க் கதை எல்லாம் கேட்கிறவள் அவள். முழுவதும் கேட்டுவிட்டு மோரை ஊற்றினாள்.

"அந்தப் பையன் என்ன செஞ்சான்?"

"அவன் அப்பன் செஞ்சான்."

"நான் பையனக் கேட்டேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, புரியாது. கல்யாணம் ஆன நாள்லேந்து வன்னியநாதன், வன்னியநாதன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். எங்கம்மா பேரக்கூட இந்த வீட்டுல இத்தன தடவ சொன்னதில்ல."

மோரில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஜனவரி 13, சனி

காலை பதினொரு மணிக்கு வாசலில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், காக்கிக் கால்சட்டை, கையில் பனங்கிழங்குக் கட்டு. பேச்சியம்மாளின் அப்பா. கல்லூரி ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறேன். பகவதியிடம் நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. போய்ச் சொன்னாள்.

அறைக்குள்ளிருந்து எல்லாம் கேட்டது.

"சார் இல்லீங்களாம்மா? பரவாயில்ல. பொங்கலுக்குக் கெழங்கு குடுத்திட்டுப் போலாம்னு வந்தேன். தோட்டத்துல வெள்ளம் போனது போக மிஞ்சினது."

"உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இருக்கட்டும்மா. சார் எப்ப வருவாவ?"

"தெரியல."

பிறகு அவர் சிரிக்கிற மாதிரிக் கேட்டது.

"எனக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ம்மா. சம்மன் கொண்டுட்டுப் போவேன். ஆளு உள்ளயே இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்லச் சொல்லுவாவ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாசல்ல கெடக்க செருப்பப் பாத்துட்டு வந்துருவேன். சட்டப்படி கதவுல ஒட்டிட்டுப் போலாம். ஆனா நான் முடிஞ்ச மட்டும் ஒட்ட மாட்டேன். மறுநாளு வருவேன். கையிலதான் குடுக்கணும். ஒட்டுனா அந்த வீட்டுப் பிள்ளையளுக்கு அசிங்கம் பாத்துக்கிடுங்க."

என் செருப்பு வாசலில்தான் கிடந்தது.

"சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. எம் மவ ஒழுங்கா தூங்கி அஞ்சு நாளாச்சு. சாரு நல்லவக, ஏதோ கோளாறுன்னு சொல்லிருக்காவன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். என்னமும் தப்பா இருந்தாலும் நேராச் சொல்லிரச் சொல்லுங்க. மூத்தவன் சுடல கப்பல்ல மாட்டுனானே, அப்பவும் ஏஜெண்டு இப்படித்தான் 'வந்துரும், வந்துரும்'னு பதினாலு மாசம் சொன்னான்."

போய்விட்டார். பகவதி கிழங்கை மேஜையில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பனங்கிழங்கு அவித்தாள். இரண்டு தின்றேன். நார் குறைவு.

ஜனவரி 16, செவ்வாய்

சுடலை கப்பலில் மாட்டினான் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பேச்சியம்மாளுக்குத் தொலைபேசியில் பேசினேன். சந்தேகத்தோடுதான் பேசினாள்.

அவள் அண்ணன் ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான். முதலாளி நொடித்துப்போய், கப்பலை வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரமிட்டு அப்படியே கைவிட்டுவிட்டான். பதினாலு மாதம் ஏழு பேர் நடுக்கடலில். சம்பளம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, இறங்க அனுமதி இல்லை. கப்பலைப் பதிவுசெய்து கொடி கொடுத்த நாடு வேறு, முதலாளியின் நாடு வேறு, துறைமுக நாடு வேறு, ஆட்கள் தூத்துக்குடிக்காரர்கள். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். இவள் அப்போது இரண்டாம் ஆண்டு. கடல்தொழிலாளர் உடன்படிக்கையைத் தானே படித்து, கொடி நாட்டின் அலுவலகத்துக்கு நாற்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறாள். நாற்பத்திரண்டாவதுக்குப் பதில் வந்திருக்கிறது. ஏழு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார்."

"அந்த லெட்டர்ல இதப் போட்டிருக்கலாமே."

"மாடல்ல அதுக்கு எடம் இல்ல சார்."

ஐந்து வருடம் என் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். 'இவரை நான் நெருக்கமாக அறிவேன்' என்று என் பெயரோடு ஹாலந்துக்குப் போயிருக்கிறது.

ஜனவரி 17, புதன்

நாளை மாலை கெடு.

வரைவை மறுபடி திறந்தேன். மெருகேற்ற ஒன்றுமில்லை, ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். அப்போது அந்த அம்மாவின் முகம் வந்தது.

1997இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நேர்காணல். ஹாலந்திலிருந்து வந்த மூன்று பேர். நடுவில் நரைத்த முடியோடு ஒரு அம்மா. என்னையும் வன்னியநாதனையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். இரண்டு கடிதங்களையும் மேஜையில் அருகருகே வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"எங்கள் பேராசிரியர்" என்றேன் நான்.

வன்னியநாதன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்: "தாணு தனக்காக எழுதினது மேடம். எனக்கு எழுத வரல. அவன்கிட்ட கேட்டேன், குடுத்தான். காப்பி பண்ணிக்கிட்டேன்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நிச்சயமாகப் பேராசிரியர்தானா?" என்று இன்னொரு முறை கேட்டார். கோபமாக இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி கேட்டார்.

நிச்சயமாக என்றேன்.

சபாபதி சாரின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துவந்தேன். இன்றும் முக்கால்வாசி அப்படித்தான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது விழுப்புரத்தில் ரயில் நின்றது. வன்னியநாதன் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கிவந்தான். நீட்டினான், நான் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவன் கேட்டான், நான் கொடுத்தேன். திருடினான் என்பது நான் பிறகு சேர்த்தது.

வரைவை அழித்தேன். புதிதாக எழுதினேன், ஒரு பக்கம். இரண்டும் நான் எழுதியது. 1997இல் என்னைப் பற்றி. 2006இல் நானே அதை மாதிரியாகக் கொடுத்தேன். எங்கள் ஊரில் மாணவரே எழுதிக் கொண்டுவருவது வழக்கம். படிக்காமல் ஏற்றியது என் தவறு. மாணவர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. இரண்டு கடிதங்களையும் திரும்பப் பெறுகிறேன். தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள்.

கடைசி வரி நாடகத்தனமாக இருந்தது. எடுத்துவிட்டேன். மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினேன்.

ஜனவரி 18, வியாழன்

மதியம் பதில். என் விளக்கத்துக்கு நன்றி. இனி என் பெயரில் வரும் எந்தப் பரிந்துரையையும் ஏற்பதற்கில்லை. விண்ணப்பதாரர்கள் இருவரும் தங்களை நேரடியாக அறிந்த வேறொருவரிடமிருந்து, அவரே தன் கைப்பட எழுதிய கடிதம் பெற்று 22ஆம் தேதி திங்கள் பகலுக்குள் சேர்ப்பிக்கலாம். அதற்குமேல் அவகாசம் இல்லை.

இருவரையும் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். நிதின் தலையாட்டிவிட்டு, முதல்வரைப் பார்க்க ஓடினான். அவரிடம் இரண்டு ஆண்டு வாதப்போட்டிக்குப் பயிற்சி பெற்றவன். பேச்சியம்மாள் நகரவில்லை.

"உங்களுக்கு எப்ப சார் மெயில் வந்துச்சு?"

"எட்டாம் தேதி."

"நான் பத்தாம் தேதி கேட்டேன்."

"ஆமா."

"வரலன்னீங்க."

"ஆமா."

"பத்து நாளு சார். பத்து நாள் இருந்திருந்தா நான் சென்னை போயாவது யாரையாவது பாத்திருப்பேன். இப்ப நாலு நாளு. அதுல சனி, ஞாயிறு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் அதட்டியிருப்பேன். "எங்கப்பா உங்க செருப்பப் பாத்திருக்காரு. என்கிட்ட சொல்லல. அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தது காதுல விழுந்துச்சு."

"உன்னை நேரடியா தெரிஞ்ச வக்கீல் யாரு இருக்கா?"

"ஒருத்தர்தான். ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன்."

"யாரு?"

"நிதின் அப்பா." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அவரு பையனும் அதே உதவித்தொகைக்கு நிக்கான். அவருகிட்டப் போய் நான் எப்படி சார் கேக்க?"

பகவதியிடம் சொன்னேன். "நீங்க கேளுங்க" என்றாள், ஏதோ ரசம் வைக்கச் சொல்வதுபோல.

ஜனவரி 19, வெள்ளி

போகவில்லை. மழை வரும்போல இருந்தது. தொகுப்புகளை உள்ளே எடுத்துவைத்தேன். மழை வரவில்லை.

ஜனவரி 20, சனி

வன்னியநாதனின் அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், மாடியில். பத்து மணிக்குப் போனேன். கட்சிக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள், ஒருவருக்குக் காலில் கட்டு. ஜூனியர் ஒருவர் பெயர் கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ச் சொன்னதும் வன்னியநாதனே எழுந்து கதவுக்கு வந்துவிட்டான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"என்னவே தாணு! வழி தெரிஞ்சுதா?"

உட்கார்ந்தேன். நிதின் எல்லாம் சொல்லியிருப்பான். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சுவரில் அவனுடைய ஹாலந்துப் பட்டம், கண்ணாடிச் சட்டத்துக்குள். பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"அமீனா பொண்ணு பேச்சியம்மாள். உங்கிட்ட ஆறு வாரம் இருந்தா. அவளுக்கு ஒரு லெட்டர் வேணும். திங்கள் பகலுக்குள்ள."

"எம் மவனுக்கு எதிரா நிக்க பிள்ளைக்கு நான் எழுதணும்?"

"ஆமா."

"கேக்கது யாரு? நான் திருட்டுப்பயன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச தாணு."

"ஆமா."

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் பெயர் அச்சிட்ட வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினான். பேனாவையும் வைத்தான்.

"எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும்லா. நீயே எழுது. கையெழுத்துப் போடுதேன்."

விளையாட்டுக்குச் சொன்னானா, சோதித்தானா, நிஜமாகவே சொன்னானா என்று இப்போதும் தெரியவில்லை. என்னால் பதினைந்து நிமிடத்தில் எழுதியிருக்க முடியும். வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெண், மூன்று நாடுகளின் மௌனம், நாற்பத்திரண்டாவது கடிதம். முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது. நல்ல வரி.

தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன்.

"நீ எழுது."

"எனக்கு வராதுங்கேன்."

"வராட்டி வராத மாதிரியே எழுது. அவங்களுக்கு அதான் வேணும்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். வெளியே இருந்த ஜூனியர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு டீ சொல்லுடே. கட்சிக்காரங்கள ஒரு மணி நேரம் கழிச்சு வரச்சொல்லு."

எழுத ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, வகுப்பில் பரீட்சை எழுதும்போது செய்வானே அதே மாதிரி. நடுவில் பேச்சியம்மாளுக்கே தொலைபேசி செய்து, "ஏம்மா, அந்த லாரி கேஸ்ல க்ளீனர் பொண்டாட்டிக்கு நீ தேடிக் குடுத்தியே, அது எந்த மாசம்?" என்று கேட்டு எழுதினான். டீ வந்தது.

"அன்னைக்கி விழுப்புரத்துல ஏன்வே குடிக்கல?" என்றான், தாளிலிருந்து நிமிராமல்.

இதைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. படித்துக் காட்டினான். 'இந்தப் பெண் என் அலுவலகத்தில் ஆறு வாரம் இருந்தாள். சொன்ன வேலையைச் செய்தாள். சொல்லாத வேலை ஒன்றையும் செய்தாள்.' லாரியில் இறந்த க்ளீனரின் மனைவிக்கு ஊதியச் சான்று இல்லையென்று வழக்கு தோற்க இருந்ததாம். இவள் சுங்கச்சாவடிதோறும் ஏறி இறங்கிப் பழைய சீட்டுகளைத் திரட்டி, அவன் எந்தெந்த நாள் எந்த வண்டியில் போனான் என்று நிரூபித்திருக்கிறாள். 'நான் மறந்துவிட்ட ஒரு கேள்வியை அவள் எனக்கு ஞாபகப்படுத்தினாள்: செத்தவன் என்ன சம்பாதித்தான் என்பதற்கு முன்னால், அவன் யார் என்று கேட்க வேண்டும்.' கடைசியில் ஒரு வரி: 'என் மகனும் உங்களிடம் விண்ணப்பித்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டு இக்கடிதத்தைப் படிக்கவும்.'

வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஒரே சொல் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தது. என் விரல் பேனாவைத் தேடியது.

"எப்படி இருக்கு? திருத்தணும்னா திருத்து."

"அனுப்பு" என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

பேச்சியம்மாளிடமிருந்து ஒரு வரிச் செய்தி: 'கடிதம் சேர்ந்துவிட்டது.' நன்றி என்று இல்லை. என்னிடம் அவள் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொகுப்புகள் காய்ந்துவிட்டன. எல்லாம் உப்பியிருக்கின்றன. பழைய அலமாரியில் முன்போல அடங்க மறுக்கின்றன. முதல்வர் குறைப்பட்டுக்கொண்டார்.

மார்ச் 27, புதன்

முடிவு வந்துவிட்டது. பேச்சியம்மாளுக்குக் கிடைத்திருக்கிறது, முழு உதவித்தொகை. நிதினுக்கு இல்லை.

அவள் வீட்டுக்கே வந்தாள், அப்பாவோடு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அவள் செல்பேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"குரூப்ல அந்த மாடல எடுத்துடலாம்னு பாத்தேன் சார். முடியல. யார் யாரோ டவுன்லோடு பண்ணிட்டாங்க. அதான் கீழ ஒரு வரி போட்டேன்: 'யூஸ் பண்ணாதீங்க, தாணு சார் படிப்பாரு.'"

சாயங்காலம் வன்னியநாதனிடமிருந்து செய்தி: 'உன் ஆளு போறா. என் ஆளு போகல. டீ குடிக்க வாரும்.'

அதைப் படித்தபோது எனக்கு இரண்டு சந்தோஷம் வந்தது. ஒன்று பேச்சியம்மாள் போகிறாள் என்பது. இன்னொன்றை எழுத வேண்டியதில்லை. எது முதலில் வந்தது என்று யாராவது இரண்டாம் முறை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

வருகிறேன் என்று பதில் போட்டேன். சர்க்கரை குறைவாக என்றும்.